ரிஸ்லாவும் கடற்கரை வீதித் தொட்டிகளும்

“அசையாத. கண்ணில மணல் போயிரிக்கு. எடுத்து உடுறன், அசையாத.”

குப்பைத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு ரிஸ்லா இப்படிச் சொல்வதை முதல்முறை கேட்பவர்கள் சற்று நின்று, அருகில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். ஒருவரும் இருக்கமாட்டார்கள். தொட்டியும் அசையாது, அது சீமெந்துக் கட்டின்மேல் ஆணி இறுக்கி நிறுத்தப்பட்டது. ஆனாலும் ரிஸ்லா அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே, மூடியின் உட்பக்கத்தில் பொத்தான் அளவில் பதிந்திருக்கும் கறுப்புக் கண்ணை ஒரு பழைய பருத்தித் துணியால் மெல்ல ஒற்றி எடுப்பாள். தேய்க்கமாட்டாள். உப்புக் காற்றில் வந்து படிகிற மணலைத் தேய்த்தால் கண்ணில் கீறல் விழுந்துவிடும் என்பாள்.

திருகோணமலை நகரத்தில் இந்தத் தொட்டிகள் வந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பச்சை நிறம், தலையில் சூரியத் தகடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண்கள். உட்கண், குப்பை எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்து அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும். நிரம்பிய தொட்டியைத் தேடி ட்ரக்டர் வரும். வெளிக்கண், ஆள் கிட்ட வந்தால் மூடியைத் திறந்துவிடும், விலகினால் மூடிவிடும். கையால் தொடத் தேவையில்லை. இவற்றைப் பராமரிக்க ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவள்தான் ரிஸ்லா. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். தினமும் காலையில் கிண்ணியாவிலிருந்து பாலத்தைத் தாண்டி ஸ்கூட்டியில் வருவாள். அபாயாவின் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டி இரண்டு றப்பர் வளையம் போட்டிருப்பாள். காலில், ஓட்டப்பந்தயப் பிள்ளைகள் போடும் சப்பாத்து. ஸ்கூட்டியின் முன்பக்கத்தில், குறடும் திருகாணிகளும் கிடக்கும் ஆயுதப் பெட்டி. பின்பக்கத்தில், கயிறு கட்டிய ஒரு மடக்குக் கதிரை. அந்தக் கதிரையில் அவள் இருந்ததை நான் கண்டதில்லை. அதன்மேல் ஏறி நின்றுதான் சூரியத் தகட்டிலிருக்கும் காக்கை எச்சத்தைக் கழுவுவாள்.

எங்கள் வீடு கடற்கரை வீதியில். வாசல் படலைக்கு நேரே எதிர்ப்பக்கம் ஒரு தொட்டி. அதனால் அவளைப் பார்த்துப் பார்த்துப் பழக்கமாகி, பிறகு தேத்தண்ணி கொடுத்துப் பழக்கமாகியது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். முதல்நாளிலிருந்தே “டீச்சர்” என்றாள். தேத்தண்ணியை வாங்கமுன் தேசிக்காய்த் தோல் ஒன்றை எடுத்து விரல் இடுக்கெல்லாம் தேய்ப்பாள். அந்தத் தோல்கள் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் வரும். “உம்மா எனக்கெண்டே எடுத்து வெக்கிற. மகள் பாடசாலையால வந்தா முதல்ல என்ட கையைத்தான் மணந்து பாப்பா. மணந்திட்டுத்தான் கிட்ட வருவா.” குடிப்பதும் நின்றுகொண்டுதான். உள்ளே வந்து இருக்கச் சொன்னால், உடுப்பைக் காட்டிச் சிரிப்பாள்.

முன்பு கிண்ணியாவில் ஒரு கைபேசிக் கடையில் இருந்தவள். கடையின் பின்புறம் திரை போட்டு, திரைக்குப் பின்னால் கைபேசி திருத்தும் வேலை. பெண்கள் தங்கள் கைபேசியை ஆண்களிடம் கொடுக்கத் தயங்கியதால் அந்தத் திரைக்குப் பின்னால் வேலை குறையவில்லை. “அங்க நான் இரிக்கிறது ஆருக்கும் தெரியாது டீச்சர். இங்க முழு ஊருக்கும் தெரியும், குப்பைக்காரி எண்டு.” இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. அவளுடைய கணவர் நுஸ்கி மீன் லொறி ஓட்டுகிறவர். “அவர் மீன் ஏத்துறார், நான் தொட்டியில செதில் தட்டுறன். வீட்டில ரெண்டு பேரும் ஒரே மணம்தான்.”

தொட்டிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். மீன் சந்தைக்கு முன்னால் நிற்பது பசிக்காரன். காலையில் வெறுமையாக்கினால் மதியத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். பஸ் நிலையத்தில் நிற்பது வாயாடி. போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் திறந்து திறந்து மூடும். பாடசாலையடியில் நிற்பது பொய்யன். அதன் உட்கண்ணுக்குக் குறுக்கே ஒரு சிலந்தி வலை கட்டினால் போதும், நிரம்பிவிட்டேன் என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிடும். ட்ரக்டரோடு வரும் தங்கத்துரை அதைக் கேட்டு ஓடிப்போய், அடியில் நாலு ஐஸ்பழக் குச்சி கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவார்: “பிள்ளை, உம்மட பொய்யன் இண்டைக்கும் என்னை ஏமாத்திப்போட்டான்.” தங்கத்துரை லிங்கநகர்க்காரர், நகரத்துக் குப்பையை இருபது வருடத்துக்கு மேலாக ஏற்றுகிறவர். எல்லோரையும் கடிந்து பேசும் அந்த மனிதர் ரிஸ்லாவை மட்டும் கடிந்து நான் கேட்டதில்லை.

எங்கள் வாசல் தொட்டிக்கு அவள் பெயர் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “இது நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்ல. கரைச்சல் குடுத்தாத்தானே பேர் வரும்.”

வெளிக்கண்ணைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். தொட்டிகள் வந்தபோது அந்தக் கண் நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. கடற்கரைத் திருப்பத்தில் லொத்தர்ச் சீட்டு விற்கும் தம்பிராசா சக்கரக் கதிரையில் இருப்பவர்; சண்டைக் காலத்தில் இரண்டு கால்களையும் முழங்காலோடு இழந்தவர். மதியச் சோற்றுப் பார்சலைச் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் தொட்டிக்கு முன்னால் வந்து கையை உயர்த்தி உயர்த்தி ஆட்டியதையும், மூடி திறக்காமல் இருந்ததையும், கடைசியில் பார்சலை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பியதையும் ரிஸ்லா கண்டாள். அன்று முழுவதும் அவளுக்கு அது மனதைப் போட்டு அரித்தது. திட்ட அலுவலகத்தில் இருக்கும் அதிகாரி இராகுலனிடம் போய்ப் பேசி, தொட்டி செய்த கொம்பனிக்கு எழுதுவித்து, அவர்கள் சம்மதம் வந்தபிறகு கடற்கரை வீதித் தொட்டிகள் எல்லாவற்றிலும் கண்ணைக் கழற்றி இரண்டு சாண் கீழே இறக்கிப் பொருத்தினாள். புதிதாகத் துளை போட்டு, பழைய துளையை அடைத்து, வண்ணம் பூசி, பார்த்தால் தெரியாதபடி செய்தாள்.

“இப்ப சின்னப் பிள்ளைக்கும் திறக்கும், தம்பிராசா அண்ணனுக்கும் திறக்கும்” என்றாள் என்னிடம். செய்த வேலையைப் பற்றி அவள் பெருமையாகப் பேசிய ஒரே நாள் அதுதான்.

அந்த உயரம் மானுக்கும் பொருந்தும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, சம்மதம் கொடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை.

இந்த ஊரில் இருப்பவர்கள் மானைப் பற்றித் தனியாகப் பேசுவதில்லை. கோட்டைப் பக்கத்திலிருந்து அவை வீதிக்கு வரும், பஸ்ஸுக்கு முன்னால் நிதானமாகக் கடக்கும், பழக்கடையில் தோலுக்கு நிற்கும், வெயில் ஏறினால் கடற்கரை மரநிழலில் படுத்துக்கிடக்கும். படம் எடுப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். மான்கள் குப்பையில் வாய் வைப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. சோறு சுற்றி வரும் லஞ்ச்சீற் பொலித்தீனில் குழம்பு ஊறியிருக்கும். அதைச் சோற்றோடு சேர்த்தே விழுங்கிவிடும். மூடியுள்ள தொட்டிகள் வருகின்றன என்றபோது, இனி அந்தக் கரைச்சல் குறையும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முதலில் கண்டுபிடித்தது ஒரு பெண்மான். காதோரம் கிழிந்து ஆறிய தழும்பு இருந்ததால் அதை அடையாளம் தெரியும். ஒருநாள் அது எங்கள் வாசல் தொட்டிக்கு முன்னால் வந்து நிற்க, மூடி திறந்தது. மான் மிரண்டு பின்னால் துள்ளியது. மூடி மூடியது. மறுபடி கிட்ட வந்தது, மறுபடி திறந்தது. மூன்றாவது முறை மிரளவில்லை. தலையை உள்ளே விட்டு ஒரு பார்சலைக் கவ்விக்கொண்டு வந்தது. ஒரு கிழமைக்குள் அது நேரே வரும், மூக்கை நீட்டும், மூடி திறக்கும், எடுத்துக்கொண்டு போகும். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள், ‘எங்கள் ஊர் மானுக்கும் டெக்னோலொஜி தெரியும்’ என்று. அது எங்கெல்லாமோ போனது. நானும் பார்த்துச் சிரித்தேன். ரிஸ்லா தன் கைபேசியிலேயே அதை வைத்திருந்து மகளுக்குக் காட்டினாளாம். “என்ட தொட்டி எண்டு சொல்லிக் காட்டினநான்.” பின்னாளில் அவள் இதைச் சொன்னபோது வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படலையைத் திறக்கப் போனபோது ஒரு சத்தம் கேட்டது. ‘றீங்’ என்று மூடி திறக்கும் சத்தம், பிறகு ‘டப்’ என்று மூடும் சத்தம், உடனே மறுபடி ‘றீங்’. வீதியில் ஒருவரும் இல்லை. குறுக்கே போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்மான் தொட்டியின் அடியில் சரிந்து கிடந்தது. வயிறு ஊதிப் பக்கவாட்டில் தள்ளியிருந்தது. வாயோரம் நுரை. ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் தலை சற்று நிமிர்ந்து விழுந்தது. நிமிரும்போது வெளிக்கண் அதைக் கண்டு மூடியைத் திறந்தது. விழும்போது மூடியது. உயிர் போய்க்கொண்டிருந்த அந்த விலங்குக்கு மேலே தொட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தது.

தொட்டியில் ஒட்டியிருந்த பழுது இலக்கம் ரிஸ்லாவுடையது; அதற்கு அழைத்தேன். அவள் பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். மானைப் பற்றிச் சொன்னதும் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டாள். அதற்கிடையில் ட்ரக்டர் வந்துவிட்டது. தங்கத்துரை இறங்கிப் பார்த்தார், தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். “வயிறு அடைச்சுப்போச்சு” என்றார். “இனி ஏலாது டீச்சர். நான் கனக்கப் பார்த்திட்டன்.”

ரிஸ்லா வந்ததும் மானிடம் போகவில்லை. முதலில் தொட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து பற்றரி வயரை இழுத்துக் கழற்றினாள். மூடி பாதியில் நின்றது. அந்தச் சத்தம் நின்றபிறகுதான் வீதி எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது, கடல் கேட்டது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு மண்ணில் முழங்காலிட்டு, வெறுங்கையால் மானின் கழுத்தைத் தடவினாள். அவள் தரையில் அமர்ந்ததை நான் கண்டது அன்றுதான். மிருக வைத்தியரை வரச் சொல்லித் தங்கத்துரை பேசிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேரும்போது மான் போய்விட்டது. ஒரு நீண்ட மூச்சு, பின்னங்கால் ஒருதரம் நீண்டது, அவ்வளவுதான்.

“என்ட கைக்குள்ளதான் போனது” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

வைத்தியர் மானை ஏற்றிக்கொண்டு போனார். ரிஸ்லாவும் ஸ்கூட்டியில் பின்னால் போனாள். போகவேண்டாம் என்று தங்கத்துரை சொல்லிப்பார்த்தார். கேட்கவில்லை. வயிற்றை வெட்டியபோது அவள் பக்கத்திலேயே நின்றாளாம். உள்ளே கிடந்தது கயிறு போல முறுகிய பொலித்தீன். அடியில் கிடந்தவை பழையவை, நிறம் போனவை, கட்டிபட்டுக் கல்லாகியிருந்தவை. வைத்தியர் நல்ல மனிதர். “பிள்ளை, இது வருஷக்கணக்காச் சேர்ந்தது. உங்கட தொட்டி வாறதுக்கு முந்தியே தின்னத் தொடங்கியிட்டுது” என்று சொன்னாராம்.

இதை மறுநாள் என்னிடம் சொல்லிவிட்டு ரிஸ்லா தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப பிறகென்ன பிள்ளை? வைத்தியரே சொல்லியிட்டார்தானே” என்றேன்.

“டொக்டர் ஆறுதலுக்குச் சொன்னவர். அடியில கிடந்தது பழசுதான், இல்லையெண்டு சொல்லல்ல. மேல கிடந்ததைப் பார்த்தநான். எழுத்துக்கூட அழியல்ல டீச்சர். நம்மட சந்திக் கடைப் பேர் அப்பிடியே வாசிக்க ஏலும்.” கோப்பையை மதிலில் வைத்தாள். “மூடி திறக்காட்டி அது தின்டிராது. கண்ணை இறக்கினது நான்.”

நான் என்ன சொல்லியிருந்தாலும் அது இன்னொரு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து இராகுலன் எங்கள் வாசல் தொட்டியைப் பார்க்க வந்தார். இளைஞர்; வேலையில் அக்கறையானவர்; இந்தத் திட்டம் இந்த ஊருக்கு வரவேண்டும் என்று ஓடித் திரிந்தவர். தொட்டியின் மூடி திறக்காமல் இருந்ததைக் கண்டு ரிஸ்லாவை அழைத்திருந்தார். நான் படலையடியில் நின்றேன்; இருவரும் எனக்கு மறைத்துப் பேசவில்லை.

“ரிஸ்லா, எனக்கும் கவலைதான். ஆனா அடுத்த கிழமை திட்டத்துக்குப் பணம் தந்த ஆக்கள் வந்து பார்க்கினம். கை நீட்டினா மூடி திறக்கிறதைத்தான் அவை படம் எடுக்கப்போகினம். அவை வந்து போகட்டும். பிறகு ஆறுதலா இருந்து யோசிப்பம்.”

“மானுக்கு அடுத்த கிழமை தெரியுமா சேர்? மத்த மான்களும் பழகியிட்டு. நேத்து நாலைப் பார்த்தநான்.”

“கண்ணைப் பழையபடி மேல ஏத்தினாக் காணும்தானே?”

“ஏத்தினாத் தம்பிராசா அண்ணனுக்குத் திறக்காது. ஏத்தினாலும் கொம்பு வெச்ச கலைமான் எட்டிப் பார்க்கும். வெளிக்கண் இரிக்கிற வரைக்கும் அது திறக்கும் சேர். அதுக்கு மனிசன் எண்டும் தெரியாது, மான் எண்டும் தெரியாது. முன்னால வந்ததுக்குத் திறக்கும்.”

இராகுலன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “உங்கட நிரந்தர நியமனத்துக்கு நான் எழுதிக் குடுத்திருக்கிறன். இப்ப போய் ஒண்டைக் கழட்டினா, அது எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். சொல்லிப்போட்டன்.”

“சரி சேர்” என்றாள்.

அந்தச் ‘சரி’ எதற்கு என்று இராகுலன் தவறாக விளங்கிக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து ரிஸ்லா கடற்கரை வீதித் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து வெளிக்கண்ணையும் அதன் மோட்டாரையும் கழற்றினாள். உட்கண்ணைத் தொடவில்லை, குப்பை நிரம்பினால் செய்தி போவது போய்க்கொண்டே இருந்தது. மோட்டார் இருந்த இடத்தில் ஒரு கம்பியை இழுத்து, தரையில் மிதிகட்டை பொருத்தினாள். காலால் அழுத்தினால் மூடி எழும்பும். மிதிகட்டைகளை உள்துறைமுக வீதிப் பக்கத்து இரும்பு ஒட்டுக்கடை ஒன்றில் செய்வித்தாள். கழற்றிய மோட்டார்களைத் துடைத்து, பெட்டியில் அடுக்கி, அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். மறைத்துச் செய்யவில்லை.

காரியம் அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. தானாகத் திறக்கும் மூடிக்குப் பழகிய ஊர், மிதிகட்டையை மிதிக்கப் பஞ்சிப்பட்டது. தொட்டிக்கு முன்னால் வந்து கையை ஆட்டிப் பார்த்தார்கள். திறக்கவில்லை என்றதும் பையைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் தொட்டிகளைச் சுற்றிப் பைகள். மான்கள் இப்போது தலையைத் தூக்கத் தேவையில்லாமல் தின்றன. தங்கத்துரை ட்ரக்டரை நிறுத்திவிட்டுக் கத்தினார். அவளைப் பார்த்து அல்ல, வீதியைப் பார்த்து. ரிஸ்லா பைகளைப் பொறுக்கி உள்ளே போட்டாள். பிறகு ஒவ்வொரு காலையும் மற்றத் தொட்டிகளுக்குப் போகமுன் கடற்கரை வீதியில் நின்றாள். குப்பையோடு வருகிறவரிடம், “காலால மிதிங்க, தொடத் தேவையில்ல” என்பாள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டவர்களுக்கு மட்டும் மானைப் பற்றிச் சொன்னாள். அந்த வீடியோவில் சிரித்தவர்கள் பலர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார்கள். சிலர், “முந்தித் தந்ததை ஏன் பறிச்சனீங்கள்?” என்று ஏசிவிட்டும் போனார்கள்.

அவளைச் சுட்டது அந்த ஏச்சு அல்ல. ஒரு மதியம் தம்பிராசா சக்கரக் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“தங்கச்சி, மானுக்கு எட்டக்கூடாதெண்டு செய்தது எனக்கு விளங்குது. ஆனா மிதிக்கிறதுக்கு எனக்கு என்ன இருக்கு?”

ரிஸ்லா அவர் கையிலிருந்த பார்சலை வாங்கி உள்ளே போட்டாள். “வாங்கிப் போடச் சொல்லி நான் கேக்கயில்லை” என்றார் அவர். முன்பும் யாராவது வாங்கிப் போடத்தான் செய்தார்கள். அது வேண்டாம் என்றுதானே அவள் கண்ணைக் கீழே இறக்கினாள்.

மறுநாள் வரும்போது அவளிடம் ஒரு பழைய சைக்கிளின் பிரேக் பிடி இருந்தது. நுஸ்கியின் சைக்கிளிலிருந்து கழற்றியதாம். தம்பிராசாவின் திருப்பத்தில் நிற்கும் தொட்டியின் பக்கவாட்டில், சக்கரக் கதிரையின் கை உயரத்துக்கு அதைப் பொருத்தி, பிரேக் கம்பியை மூடியோடு இணைத்தாள். விரலால் பிடித்து இறுக்கினால் மூடி எழும்பும். மான் எவ்வளவு கெட்டித்தனம் பழகினாலும் அதற்கு விரல் இல்லை. தம்பிராசா ஒருதரம் இறுக்கிப் பார்த்தார். விட்டார். மறுபடி இறுக்கினார்.

“பிரேக் பிடிச்சா வண்டி நிக்கும். இது என்னெண்டா வாய் திறக்குது” என்றார். அந்த நாட்களில் ரிஸ்லா சிரித்ததை நான் கண்டது அப்போது மட்டும்தான். அதுவும் கண்வரை போகவில்லை.

பணம் தந்தவர்கள் வந்தார்கள். வாகனங்கள் எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே நின்றன. ஒருவர் தொட்டிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். படம் எடுப்பவர் காத்திருந்தார். மூடி அசையவில்லை. இராகுலனின் முகம் எனக்குத் தெரிந்தது. கோபம்கூட அதில் இல்லை, களைப்புத்தான் இருந்தது. ரிஸ்லா முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. தமிழிலேயே சொன்னாள், இராகுலன் மொழிபெயர்த்தார். “வெளிக்கண்ணைக் கழட்டினது நான். சேர் வேண்டாமெண்டு சொன்னவர். இந்த இடத்தில ஒரு மான் செத்தது. அது சாகக்குள்ள இந்த மூடி திறந்து திறந்து மூடினது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இதை ஓட உடுறதுக்கு ஏலா.” இராகுலன் ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். அவர் வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னார். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள். ஒரு பெண் மட்டும் குனிந்து மிதிகட்டையை மிதித்துப் பார்த்தாள். பிறகு பஸ் நிலையத்து வாயாடியிடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நிரந்தர நியமனம் ரிஸ்லாவுக்குக் கிடைக்கவில்லை. பராமரிப்பு முழுவதையும் கொம்பனி தன் ஆட்களிடமே எடுத்துக்கொண்டது. அவர்கள் மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வருவார்கள். இடையில் பழுதானால் கூப்பிட்டுச் செய்விக்கலாம் என்று ரிஸ்லாவின் பெயரை விட்டுவைத்தார்கள். இராகுலன் இதைச் சொல்ல அலுவலகத்துக்கு அழைக்காமல் கிண்ணியாவுக்கே நேரில் போனாராம். “அவர் எனக்காக ரெண்டு தரம் கதைச்சவர் டீச்சர், அதை நான் மறக்கல்ல” என்றாள் ரிஸ்லா. கைபேசிக் கடைத் திரைக்குப் பின்னால் பாதி நாள் வேலை மறுபடி தொடங்கியிருக்கிறது. கடற்கரை வீதித் தொட்டிகளில் மிதிகட்டைகள் அப்படியே இருக்கின்றன; மாற்றச் சொல்லி ஒருவரும் உத்தரவிடவில்லை, வைத்திருக்கச் சொல்லியும் உத்தரவு இல்லை. மக்கள் பழகிவிட்டார்கள். முன்பு போலக் கீழே பைகள் கிடப்பதில்லை. முற்றாக இல்லை என்று சொல்லமாட்டேன். மான்கள் சாவதும் நிற்கவில்லை. மாசியில் சந்தைப் பக்கம் ஒன்று செத்தது. செய்தி கேட்டு ரிஸ்லா அங்கேயும் போய் நின்றுவிட்டு வந்தாள்.

போன கிழமை எங்கள் வாசல் தொட்டியின் மூடி இறுகிவிட்டது என்று அழைத்தேன். மாலை வெயிலில் வந்தாள். கம்பிக்கு எண்ணெய் விட்டாள், திருகை இறுக்கினாள். மிதித்துப் பார்க்கக் காலை மிதிகட்டையில் வைத்தபோது, மதிலோரத்திலிருந்து ஒரு இளம் மான் வந்தது. கொம்பு இப்போதுதான் முளைவிட்டிருந்தது. நேரே தொட்டிக்கு முன்னால் வந்து நின்று மூக்கை நீட்டியது. மூடி திறக்கவில்லை. அது போகவும் இல்லை. நீட்டிய மூக்கோடு, காதுகளை முன்னால் திருப்பி, மூடியையே பார்த்துக்கொண்டு நின்றது. கையைத் தட்டினால் ஓடியிருக்கும். ரிஸ்லா தட்டவில்லை. மிதிகட்டையிலிருந்த காலை மெதுவாக எடுத்து மண்ணில் வைத்தாள். எண்ணெய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மான் சலித்துத் தானாகத் திரும்பும்வரை, அதன் அருகில் அசையாமல் நின்றாள்.